நின்றதற்கும் கூலி

நாயை நடக்கக் கூட்டிப்போவதற்கென்றே ஆள் இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு என்று மகள் சொன்னபோது நான் கட்டிலில் படுத்தபடியே சிரித்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அரை மணி நேரத்துக்கு இருபத்தைந்து வெள்ளி. விடிவதற்கு முன்னால் வரவேண்டும் என்றால் மேலே பத்து.

பசாரில் ஒரு கட்டுக் கீரைக்குக்கூடப் பேரம் பேசாமல் நான் வந்ததில்லை. போனைக் கொடு என்று மகளிடமிருந்து வாங்கி நானே பேசினேன். பக்கத்து ஊரான மந்தினிலிருக்கும் ஒரு தமிழ்ப் பெண். வங்கியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இதைச் செய்கிறாளாம். குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாய்க்குப் பின்னால் நடக்க ஆசை வந்திருக்கிறது, நல்லா இருக்கு கதை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வெள்ளிக்கு வா என்றேன். முடியாது என்றாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சரி, அந்தக் காசில் என்னென்ன இருக்கிறது, பிரித்துச் சொல் என்றேன். மந்தினிலிருந்து எங்கள் ரஹாங்குக்குக் காரில் வந்துபோகிற எண்ணெய்ச் செலவு, நாய் யாரையாவது கடித்துவைத்தால் அதற்கு இன்சூரன்ஸ், அசிங்கத்தை அள்ளிப் போடப் பை, குடிக்கத் தண்ணீர், வீடு திரும்பியதும் கால் துடைக்கத் துணி, நாய் எங்கே போனது என்ன செய்தது என்று போனில் ஒரு வீடியோ. எங்கள் நாய் பிறந்ததிலிருந்து பை இல்லாமல்தான் போய்க்கொண்டிருக்கிறது, பையைக் கழித்துக்கொள் என்றேன். ஊர்த்தெருவில் அப்படி விட முடியாது என்றாள். அப்படியானால் வீடியோவைக் கழி, நாய் நடப்பதை நான் உட்கார்ந்து சினிமா பார்க்கப் போவதில்லை என்றேன்.

"வீடியோ சும்மாதான் ஆன்ட்டி. அதுக்குக் காசு போடல லா," என்றாள்.

சும்மா கொடுப்பதை எங்கிருந்து கழிப்பது? மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கே நாயை யாரும் நடத்திக் கூட்டிப்போனதில்லை. நாய் நம்மோடு வரும், அவ்வளவுதான். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போனால் பெரட்டுக்கு வரும். கடைக்குப் போனால் கடைக்கு வரும். சாவு வீட்டுக்குப் போனால் அங்கேயும் வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். கழுத்தில் கயிறு கட்டுவது ஆட்டுக்குத்தான். நாய்க்குத் துணை நடக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு அரை மணிக் கூலி என்று எங்கள் லயத்தில் போய்ச் சொன்னால், எனக்குத்தான் யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று கோயிலுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.

ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் நாய் வீட்டை விட்டுப் போயாக வேண்டும் என்கிற நிலைமை.

அது என் நாயே இல்லை. என் வீட்டுக்காரருடைய நாய். தோட்டம் ரப்பர்ப் பால்மரத்தை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் லயத்தை விட்டு வெளியே வந்தோம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில், பக்கத்திலேயே மூன்று ஏக்கர் பால்மரம் வாங்கினோம். அவர் ஒற்றை ஆளாக அதை வெட்டினார், பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் மரம் வெட்டுவது என்போம். நான் பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்தேன். ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் யாரோ சாலையோரம் விட்டுப்போன குட்டி ஒன்று அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலேயே வீடு வரை ஓடி வந்துவிட்டது. பழுப்பு உடம்பு, கறுப்பு மூஞ்சி, ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். பேர் ஏதும் வைக்கவில்லை. வாடா என்றால் வரும். போடா என்றால் போகாது.

காலை ஐந்து மணிக்கெல்லாம் அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டை சீவும் உளியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாய் வந்த பிறகு அது முன்னால் ஓடும். நான் அந்த நேரத்தில் கேன்டீனுக்குப் போக அவசரமாகத் தலை சீவிக்கொண்டிருப்பேன். மதியம் நான் திரும்பும்போது அவர் குளித்து, உலை வைத்து, சோறு ஆக்கி வைத்திருப்பார். குழம்பு மட்டும் என் பாடு. இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

கடைசி ஒரு வருஷம் அது மாறிப்போனது. நான் வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஆள் இருக்காது, அடுப்பு சில்லென்று கிடக்கும். நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, எரிச்சலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் சத்தம் கேட்கும். ஏன் இவ்வளவு நேரம் என்றால் ஒரே பதில்தான்.

"பால் மெதுவா வடியுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால்மரத்து நிழலில் பிறந்து வளர்ந்தவளுக்கே காது குத்துகிறாரே என்று. அம்மாவும் அப்பாவும் மரம் வெட்டித்தான் என்னை வளர்த்தார்கள். பால் எவ்வளவு நேரம் வடியும் என்று எனக்குத் தெரியாதா? மனிதர் முச்சந்திக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டினேன். அதை வாய்விட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விடுவார். நாய் நேராக வந்து, அவர் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு நாள் மரத்தடியிலேயே விழுந்துவிட்டார். நாய் குரைத்த குரைப்பைக் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் ஓடிப்போய்ப் பார்த்துத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டே நாள். இந்த இதயம் ரொம்ப நாளாகவே முடியாமல் இருந்திருக்கிறது, நடந்தால் மூச்சு வாங்கியிருக்குமே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். விடியுமுன் எழுந்து மூன்று ஏக்கர் மரத்தைத் தனியாக வெட்டுகிற மனிதர், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை, நீங்கள் வேறு யாருடைய பைலையோ வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த டாக்டர் சொன்னதை நான் நம்பவே இல்லை.

மரம் வெட்ட ஆள் இல்லாமல் நிலத்தை விற்றேன். வாங்கியவர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார். காசை வங்கியில் போட்டுவிட்டு ரஹாங்கில் மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்தேன். நாய் வேண்டாம் அம்மா என்றாள் மகள். வந்தால் இரண்டு பேரும் வருவோம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இங்கேயே கிடக்கிறோம் என்றேன். என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

வந்த மறுநாளே ஐந்து மணிக்கு நாய் கேட்டில் நின்று ஊளையிட ஆரம்பித்தது. பசிக்கு இல்லை, திருடனுக்கு இல்லை. கேட்டைத் திறந்துவிடச் சொல்லி ஊளை. நான் எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்து எதிர்ச் சாக்கடை வரைக்கும் இழுத்துப்போய், இழுத்துக்கொண்டு திரும்புவேன். முழங்கால் வலியில் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது. அரைமனதாக அடங்கும். மழை பெய்யும் காலைகளில் மட்டும் சத்தமே இருக்காது. சுருண்டு படுத்துத் தூங்கும். மழைக்குப் பயப்படுகிறது என்றார் மருமகன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முழங்காலில் ஆபரேஷன் ஆகி நான் படுத்ததும் அந்தச் சாக்கடை நடையும் நின்றது. மருமகன் இரண்டு நாள் கூட்டிப்போய்ப் பார்த்தார். ஃபேக்டரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தெருவை ஓட்டமாக ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து கட்டினார். பாவம், நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் நாய்க்கும் ஒத்துப்போகவில்லை. நாய் முன்னைவிட அதிகமாக ஊளையிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய் டீச்சர், முதல் குழந்தை பெற்றுப் பச்சை உடம்போடு இருந்தார். ஒரு நாள் தட்டு நிறையக் கூவே பலகாரம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கிளம்பும்போதுதான், குழந்தை இரவெல்லாம் முழித்துவிட்டு நாலரை மணிக்குத்தான் கண்ணை மூடுகிறது மக்சிக், ஐந்து மணிக்கு நாய் எழுப்பிவிடுகிறது என்று, மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் வாசலில் நின்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். கூவே கொடுத்துவிட்டுச் சொல்கிறவரை என்ன செய்வது? கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்த அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோலா பிலாவில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், வாசலில் கட்டிவைக்க ஒரு நாய் கேட்கிறார் என்றாள். கட்டிவைக்க என்றால் சங்கிலியில். இந்த ஒரு வாரம் நடக்கக் கூட்டிப்போக ஆள் வைத்துப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள்தான் அந்தப் பேரம் நடந்தது.

அந்தப் பெண் முதலில் ஒரு நாள் சும்மா பழகிப் பார்க்க வந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாய் வந்து முகர்ந்து பார்க்கும் வரை அதன் பக்கம் திரும்பவே இல்லை. பேர் என்ன என்றாள். பேர் கிடையாது என்றேன். என்ன பிடிக்கும் என்றாள். நாய்க்கு என்ன பிடிக்கும், வெளியே போகப் பிடிக்கும், அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டது என்றேன். என் பேச்சை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூராவ் தொழுகைக்கூடம் இருக்கும் தெருப்பக்கம் போகாதே, தொழுகை நேரம் என்றேன். அது தனக்குத் தெரியும் என்றாள்.

மறுநாள் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்து கூட்டிப்போனாள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அரை மணி ஆயிற்று, வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. சூராவில் தொழுகை முடிந்து மோட்டார்கள் திரும்பிப் போயின. வானம் வெளுக்கிற நேரத்தில்தான் கேட் சத்தம் கேட்டது. நாயின் காலைத் துடைத்துவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். பின்னாலேயே போனில் செய்தி வந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, ஆனாலும் இன்றைக்கு அரை மணிக் காசு போதும், நாளையிலிருந்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள் என்று.

உடனே கூப்பிட்டேன். நீ கடையில் உட்கார்ந்து தே தாரே டீ குடித்து ஆற அமரக் கதை பேசிவிட்டு வருவதற்கு நான் மணிக்கணக்கில் காசு அழவேண்டுமா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நாய் அடிக்கடி நின்றுவிடுகிறது, கயிற்றைப் பிடித்து இழுத்தால் வரும், ஆனால் நான் நாயை இழுக்கிறவள் இல்லை, வேண்டுமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கோபித்துக்கொண்டு போகிறவள் பேச்சு மாதிரி இல்லை. கடையில் இந்தச் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, ஆனால் நாயைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு மதியம் வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கியது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அடுத்த நாளும் ஐந்து மணிக்கு ஊளை இல்லை. கேட்டருகே உட்கார்ந்து அவள் காருக்காகக் காத்திருந்தது. அன்றும் ஒன்றரை மணி. அதற்கடுத்த நாளும் அதே. டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்தார். முகம் தெளிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். மாதம் முழுக்க இப்படி நடந்தால், நாங்கள் கொடுக்கும் வீட்டு வாடகையைவிட நாயின் நடை அதிகமாக வரும். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். முடியாதும்மா என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லி அவள் கோலா பிலாவுக்குப் போன் போட்டாள். நாய் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. கையைத் தொங்கவிட்டு அதன் மடங்கிய காதைத் தடவிக்கொண்டே கிடந்தேன்.

சனிக்கிழமை நடை முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்றோடு போதும் என்று சொன்னேன். நாய் எங்கே போகிறது என்றும் சொன்னேன். சங்கிலி என்ற சொல் வந்ததும், சங்கிலியா என்றாள். பிறகு, நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள். நான் எங்கே பார்த்தேன்? போன் நிறைந்துபோகிறது என்று வந்ததை வந்ததுபோல அழித்துக்கொண்டிருந்தேன். இன்றையதை மட்டுமாவது பாருங்கள் என்றாள்.

சரி, கடைசி நாள், பார்த்துத் தொலைப்போம் என்று திறந்தேன்.

தெருவிளக்கு வெளிச்சம். சாலையோரம் வரிசையாக நிழல்மரங்கள். நாய் முதல் மரத்துக்குப் போகிறது. காலைத் தூக்கவில்லை. மரத்துக்கு ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில் மரத்தைப் பார்க்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறது. பிறகு எழுந்து அடுத்த மரம். அங்கேயும் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, எழுந்து, அடுத்தது. மரம் இல்லாத இடத்தில் விளக்குக் கம்பத்தையும் விடவில்லை. தெரு முனையில் சாலையைக் கடந்து, எதிர்ப் பக்கத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லயத்தில் பிறந்த எவருக்கும் அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நிரை பிடித்துப் போகிறது. மரம் வெட்டுகிறவர்கள் அப்படித்தான் ஒரு வரிசையில் இறங்கி, முனையில் திரும்பி, அடுத்த வரிசையில் ஏறி வருவார்கள். பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்தான் அது ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்தது. மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள். அதனால்தான் மழைக்காலையில் ஊளை இல்லை. அடப் பயலே, நீ வேலைக்கா போகிறாய் என்று போனைப் பார்த்துக் கேட்டேன். என்னவோ அவரையே பார்த்துவிட்டதுபோல மனசு குளிர்ந்துபோனது.

வீடியோ முடியவில்லை. ஏழெட்டு மரம் தாண்டியதும் நாய் அடுத்த மரத்துக்குப் போகாமல் திரும்பி வந்தது. வந்து தன் உடம்பை அந்தப் பெண்ணின் காலோடு சாய்த்து அழுத்தியது. படம் ஆடியது. என்னடா என்று அவள் குரல். அது இன்னும் அழுத்தியது. அவள் சாலையோரத்துத் திட்டில் உட்கார்ந்தாள். உடனே அவள் பாதத்தின் மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. வெகுநேரம் அப்படியே கிடந்தது. நடுவில் அவள் எழப் பார்த்தாள், தலையால் முட்டி மறுபடி உட்கார வைத்தது. பிறகு தானாகவே தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நடந்தது. மறுபடி ஏழெட்டு மரம். மறுபடி அதே.

வயதாகிவிட்டது, அதற்கு உடம்பு சரியில்லையோ என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவனுக்குக் களைப்பு இல்ல ஆன்ட்டி. என்னைத்தான் உக்கார வைக்கிறான். என் மூச்சைப் பாத்துக்கிட்டே இருக்கான், அது சரியா இருந்தாத்தான் எந்திரிக்கிறான்." பிறகு கேட்டாள்: "இதுக்கு முந்தி அவன்கூடப் போனவங்க உடம்பு முடியாதவங்களா?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

பால் மெதுவாக வடிகிறது. அந்த ஒரே பதில். வடிந்தது பால் இல்லை. ஏழெட்டு மரத்துக்கு ஒரு தடவை அந்த மனிதர் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவராக உட்கார்ந்திருப்பார். பிறகு பிடிவாதமாக நடந்திருப்பார், நாய் விடாமல் முட்டி முட்டி உட்கார வைத்திருக்கும். காலில் முகவாயை வைத்துக்கொண்டு அவர் மூச்சு அடங்கும் வரை காத்திருந்திருக்கும். ஒரு வருஷம். மூச்சு வாங்கியிருக்குமே என்று அந்த டாக்டர் கேட்டது என் வீட்டுக்காரரைப் பற்றித்தான்.

பாவி மனுஷா, நாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா என்று சத்தமாகவே கேட்டேன். சொன்னால் மரம் வெட்ட விடமாட்டேன், கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவேன் என்று அவருக்குத் தெரியும். அதற்காக மறைத்தாயா? வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே கை கழுவினாயே! திட்டிக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாவு வீட்டில் அழாதவள் நான். அன்று அழுதேன். நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, மெத்தை விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன். நாளைக்கும் வா என்றேன். அவசரப்படுத்தாதே, மரத்தடியில் அது நின்றால் நில், உட்காரச் சொன்னால் உட்கார். எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்றேன். நாய்க்கு இது ஏன் என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு, நிற்கிற நேரத்துக்கும் உட்கார்கிற நேரத்துக்கும் காசு வேண்டாம் ஆன்ட்டி, நடக்கிறதுக்கு மட்டும் கொடுங்கள் என்றாள். ஒரு வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டிருப்பேன்.

"நடக்கிறதுக்கு யாரு வேணா வருவாங்கம்மா. நீ நிக்கிறதுக்குத்தான் காசு. பேசாம வாங்கிக்க," என்றேன்.

மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலா பிலாக்காரர் விடியும் முன்னே வேனில் வந்துவிட்டார். கையில் புதுச் சங்கிலி, அதில் விலைச் சீட்டுகூடப் பிரிக்கவில்லை. மகள் தூக்கக் கலக்கத்தில் கேட்டைத் திறந்தாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரோடு சேர்ந்து சுற்றியவர், நல்ல மனிதர். உட்கார வைத்துப் பசியாறச் சொன்னேன். தோசையைத் தின்றுகொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாய் எங்க அண்ணி?"

"வேலைக்குப் போயிருக்கு தம்பி," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார். அண்ணனுக்கு முடியாமல் இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று அவரைக் கேட்டேன். தெரியாது அண்ணி, கடைசி ஒரு வருஷமாக அண்ணன் கோப்பிக் கடைப் பக்கமே வரவில்லையே, நீங்கள்தான் விடவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம் என்றார். மகள் அடுத்த தோசையைக் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டாள். போகும்போது சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு போனார்.

வேன் போனதும் மகள் ஆரம்பித்தாள். காசுக்கு எங்கே போவது என்றாள். வங்கியில் இருக்கிறது என்றேன். அது அப்பாவின் மரத்தை விற்ற காசு அம்மா, உன் கடைசிக் காலத்துக்கு என்று வைத்தது என்றாள். மரத்துக் காசு மரத்துக்குப் போகட்டும், நிரை இன்னும் முடியவில்லை என்றேன். அவள் குழம்பிப்போய் நின்றாள். போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். நாய் காலில் சாயும் இடம் வந்தபோது அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்பா என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை.

கால் தேறி, வாக்கரை விட்டு, கைத்தடிக்கு வந்தேன். ஒரு காலையில் நானும் வருகிறேன் என்று அவர்களோடு கிளம்பினேன். நாய் முன்னால், அந்தப் பெண் நடுவில், நான் கடைசியில். முதல் மரத்தில் நின்றோம். அடுத்த மரத்தில் நின்றோம். என் வேகத்துக்கு அது தோதாகத்தான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் நாய் அண்ணாந்து பார்க்கும் இடத்தை நானும் பார்த்தேன். வெறும் பட்டைதான்.

நாலு மரம்தான் தாண்டியிருப்போம். நாய் திரும்பியது. அந்தப் பெண் வழக்கம்போல உட்காரப் போனாள். அது அவளைத் தாண்டி வந்து, என் நல்ல காலில் உடம்பைச் சாய்த்தது. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா, நட," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார், தினமும், இதே மாதிரி மூச்சு இரைத்துக்கொண்டு. நாய் அதை நம்பவில்லை. இன்னும் பலமாக அழுத்தியது. நான் கைத்தடியை ஊன்றி, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, திட்டில் உட்கார்ந்தேன். அது என் பாதத்தில் முகவாயை வைத்துப் படுத்தது. என் மூச்சு சீராகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.